ஏற்காட்டில் தனியாக வந்த பெண்ணுக்கு ஓர் அறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு கோடை விழா ஏற்பாடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியை வாசித்தேன். மலர்க்காட்சி, படகு சவாரி, கூடுதல் பஸ் என்று எல்லாம் இருந்தது. வருகிறவர்கள் இரவு எங்கே தங்குவார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றி எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. கடந்த ஏப்ரலில் ஏற்காட்டில் ஒரே மாலையில் மூன்று விடுதிகள் என்னைத் திருப்பி அனுப்பின. நான் தனியாகப் போயிருந்தேன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

எனக்கு வயது 61. அம்மாபேட்டையில் பிறந்து வளர்ந்தவள். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கணக்கு எழுதிவிட்டு 2022இல் ஓய்வு பெற்றேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை அவரை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. அவர் போன பிறகுதான் பயணம் போகத் தொடங்கினேன். தனியாகத்தான் போகிறேன்.

ஏற்காட்டுக்குப் போனது காபிப் பூவைப் பார்ப்பதற்காக. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழ வேண்டும். பூ மழை என்பார்கள். அது விழுந்த எட்டு, பத்து நாளில் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூத்துவிடும். சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்குக் கீழே, கிளை கிளையாக வெள்ளை. மல்லிகையைப் போன்ற வாசனை. இரண்டு மூன்று நாளில் எல்லாம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு 60 வயது வரை நான் இதைப் பார்த்ததில்லை. மலையில் மழை பெய்த செய்தி கிடைத்ததும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்து, எட்டாம் நாள் பிற்பகல் பஸ் ஏறினேன். விடியற்காலையில், பனி விலகும் முன்பு, நாகலூர் சாலையில் நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்கு இரவு மலையில் தங்கியாக வேண்டும்.

முதல் விடுதியில் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூட யார் வருகிறார்கள்?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றதும் அட்டை திரும்பி வந்தது. குடும்பத்துக்கு மட்டும்தான் அறையாம். இரண்டாவது இடத்தில் அறை காலியில்லை என்றார்கள். நான் வாசலில் நின்று பையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஓர் இளைஞர் தனியாக வந்தார், மருந்து விற்பனைப் பிரதிநிதி போலிருந்தார். கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். மூன்றாவது விடுதியின் மேலாளர் மட்டும் உண்மையைச் சொன்னார். "அம்மா, தனியாக வரும் பெண்கள் ஏதாவது செய்துகொண்டால் போலீஸ், விசாரணை என்று எங்களால் அலைய முடியாது. தவறாக நினைக்காதீர்கள்" என்றார். அவர் குரலில் மரியாதை இருந்தது. ஆனாலும் அறை கிடைக்கவில்லை.

கடைசி பஸ்ஸில் இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் எண்ணிக்கொண்டே வந்தேன். அறுபதடிப் பாலம் தாண்டும்போது கீழே சேலத்தின் விளக்குகள் தெரிந்தன. அந்த வருத்தத்தோடு, இதே போன்ற இன்னோர் இரவு, மலேசியாவில் முக்கா என்ற ஊரில் கழிந்த இரவு, நினைவுக்கு வந்தது. அன்றும் மழை, இருட்டு, நான் ஒருத்தி. அந்த இரவைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வேலை செய்த ஆலையில் ஒரு வயதான மேஸ்திரி இருந்தார். ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆயிற்று என்பார். அசல் ஜவ்வரிசி கிழங்கில் வருவதில்லை, மலாய் நாட்டுப் பக்கம் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு பனையின் தண்டில் இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றுபோனதால்தான் நம் ஊர்க்காரர்கள் குச்சிக்கிழங்கில் (மரவள்ளி) அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்வார். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியை வாசித்த அன்றே முடிவு செய்தேன். வாழ்நாள் முழுவதும் மூட்டைக் கணக்கும், கிழங்கின் மாவுச் சத்தை அளக்கும் பாயிண்ட் கணக்கும் எழுதிய கை, அந்தப் பனையை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பே, 2023 பிப்ரவரியில், இலங்கைக்குத் தனியாகப் போய் வந்திருந்தேன். ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய், சிவனொளிபாதமலையில் இரவு ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினேன். நம் ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் 1623 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மலை 2243 மீட்டர். ஐயாயிரத்துக்கும் மேல் படிகள். சூரியன் எழும்போது மலையின் நிழல் மேற்கே பஞ்சு போன்ற மேகத்தின் மேல் முக்கோணமாக விழுந்து கிடந்தது. அடிவாரத்தில் எனக்கு இடம் கொடுத்தது ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பம். "எங்கள் பாட்டன் சேலம் ஜில்லா" என்று சொல்லி, வெந்நீர் வைத்துக் காலுக்கு எண்ணெயும் கொடுத்தார்கள். அங்கே தமிழ் இருந்தது, உறவு கொண்டாட ஊர்ப்பெயர் இருந்தது. அதனால் அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

அந்தப் பனையைத் தேடிப் போன முக்காவில் இரண்டும் கிடையாது. போர்னியோ தீவில், சரவாக் மாநிலத்துக் கடற்கரையில், நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிற சிறு நகரம் அது. மெலனாவ் என்ற மக்கள் வாழ்கிறார்கள். இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் முப்பது நாள் அனுமதி தருகிறது. 2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சிபு என்று விமானத்தில் போனேன். உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டைப் பைக்குள் அடியில் வைத்துவிட்டேன். சரவாக்குக்குத் தனிக் குடிவரவுச் சோதனை உண்டு என்பது அங்கே வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. கோலாலம்பூர்க்காரர்களே அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். போகப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சிபுவிலிருந்து முக்காவுக்குப் பஸ். பிற்பகலில் புறப்பட்டது, பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்து மழையை இங்கே எதனோடும் ஒப்பிட முடியவில்லை. நம் ஊர் ஐப்பசி மழைக்கு ஒரு தொடக்கம், ஒரு தணிவு உண்டு. அங்கே வானத்தைச் சாய்த்துக் கொட்டியது போல விழுந்தது. இரு பக்கமும் கரும்பச்சைச் சதுப்பு. இருட்டிய பிறகு வேறு பஸ் வந்து ஏற்றிக்கொண்டது. முக்காவில் இறங்கியபோது இரவு ஒன்பது தாண்டியிருந்தது. கடைகள் சாத்தியிருந்தன. தொலைபேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. நான் விசாரித்து வைத்திருந்த விடுதியின் பெயரைக் காகிதத்தில் எழுதியிருந்தேன், அது நனைந்து கூழாகிவிட்டது. அப்போது எனக்குப் பயமாக இருந்தது.

ஆற்றோரமாக ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. வாசலில் அறை வாடகைக்கு என்ற பொருளில் ஒரு பலகை. என் வயதுக்குச் சற்று மூத்த அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். அங்கே அப்படிப்பட்டவர்களை மாக்சிக் என்று அழைப்பார்கள், நம் சித்தி, அத்தை போல. என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, ஒரு விரலைக் காட்டி "சாத்து ஓராங்?" என்று கேட்டார். ஓராங் என்றால் ஆள். ஓர் ஆளா என்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளே போய் ஒரு துண்டு, ஒரு தலையணை, உலர்ந்த கைலி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கேள்வியை எத்தனை துண்டு எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

அவருக்கும் கவலை இல்லாமல் இல்லை. அந்த இரவு நேரத்தில் மொழி தெரியாத ஒரு கிழவி நனைந்துகொண்டு வந்து நின்றால் யாருக்கும் கவலை வரும். பேத்தியைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் விசாரிக்கச் சொன்னார். பாஸ்போர்ட்டைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, என் அண்ணன் மகளின் எண்ணையும் குறித்துக்கொண்டு, அப்போதே அவளைக் கூப்பிட்டு முகம் பார்த்துப் பேச வைத்தார்கள். பிறகு அடுப்படியில் உட்கார வைத்துச் சாப்பாடு. எலுமிச்சை, வெங்காயம், மிளகாயோடு பிசைந்த பச்சை மீன். உமாய் என்று பெயர். அதற்குத் தொட்டுக்கொள்ள, வறுத்த ஜவ்வரிசி.

கிண்ணம் கைக்கு வந்ததும் அந்த வாசனை எனக்குத் தெரிந்துவிட்டது. ஈர மாவு உருண்டைகள் சூடான தட்டில் வறுபடும்போது எங்கள் ஆலைக் கொட்டகையில் எழும் அதே வாசனை. அறைக்குப் போய் அழுதேன். படுக்கும் முன்பு மாக்சிக் சைகையால் சொன்னார்: காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டுவேன். சொன்னபடியே தட்டினார், கையில் தேநீரோடு.

மறுநாள் பேத்தி என்னை ஆற்றுக்கு அழைத்துப் போனாள். ரும்பியா என்கிறார்கள் அந்தப் பனையை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூக்கும். பூக்கும் முன்பே வெட்டிவிட வேண்டும், விட்டால் சேர்த்து வைத்த மாவு முழுவதையும் பூவுக்குக் கொடுத்துவிட்டு மரம் செத்துப்போகும். வெட்டிய தண்டைத் துண்டு போட்டு ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைக்கு இழுத்து வருகிறார்கள். பழைய முறையும் காட்டினார்கள். தண்ணீருக்கு மேல் கட்டிய பரணில் பாய் விரித்து, துருவிய தண்டுச் சோற்றைப் பரப்பி, நீர் ஊற்றி ஊற்றிக் காலால் மிதிப்பார்கள். பாலாக வடிவது கீழே தொட்டியில் தங்கி, மாவு அடியில் இறங்கும். குச்சிக்கிழங்குப் பால் இறங்கக் காத்திருந்து எத்தனை முறை கணக்கை முடித்திருக்கிறேன்! மிச்சமான சக்கையைக் கையில் அள்ளிப் பார்த்தேன். நம் கிழங்குச் சக்கையான திப்பியேதான். மரத்துப் புழுவை வறுத்தும் நீட்டினார்கள். அதை மட்டும் கும்பிட்டு மறுத்தேன். நான்கு இரவுகள் அங்கே தங்கினேன்.

ஆசிரியர் அவர்களே, ஏற்காட்டு மேலாளரின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. விடுதி அறையில் ஓர் உயிர் போனால் அது அவருக்கும் தாங்க முடியாத விஷயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு மாக்சிக் கண்ட வழியைப் பாருங்கள். பெயரை எழுதினார், உறவினரிடம் பேச வைத்தார், சாப்பிட வைத்தார், காலையில் கதவைத் தட்டினார். இதில் எதற்கும் தனிச் செலவில்லை. உண்மையிலேயே மனம் உடைந்து ஒரு பெண் மலை ஏறி வந்திருந்தால், அவளை இரவு ஏழு மணிக்கு வாசலிலிருந்து திருப்பி அனுப்புவது அவளைக் காப்பாற்றுமா? விடுதியின் கணக்கேட்டிலிருந்து அவளை விலக்கி வைக்கும், அவ்வளவுதான்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டிக் கடைகளிலும் உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. எனக்குப் பின்னால் வந்த இளைஞருக்குச் சாவி கிடைத்ததே, அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவரும் தனியாகத்தான் வந்தார்.

கோடை விழாவுக்கு முன்பாக மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் ஏற்காட்டு விடுதி உரிமையாளர்களை அழைத்து இதைப் பேச வேண்டும். அடையாள அட்டை காட்டித் தனியாக வருபவருக்கு அறை உண்டு என்று வரவேற்பு மேசையில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே பெண்கள் உதவி எண் 181ஐயும் எழுதட்டும். பணிபுரியும் பெண்களுக்காகத் தமிழக அரசு தோழி விடுதிகளை நடத்துகிறது. மலைக்கு வேலையாக வரும் ஆசிரியைகள், செவிலியர்கள், என்னைப் போலப் பூப் பார்க்க வருகிறவர்கள் தங்க அப்படி ஒன்றை ஏற்காட்டிலும் திறந்தால் இன்னும் நல்லது.

இந்த ஆண்டுப் பூ முடிந்துவிட்டது. அடுத்த மழைக்காக ஏற்காட்டிலுள்ள ஐந்து விடுதிகளுக்கு இப்போதே தபாலில் கடிதம் எழுதியிருக்கிறேன்: ஓர் ஆள், இரண்டு இரவு, தேதி மழை விழுந்த பிறகு. என் அண்ணன் மகளின் எண்ணையும் அதில் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் தங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைக் கணக்கர்,
அம்மாபேட்டை, சேலம்.