உயிரியல் வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே,

பரங்கிப்பேட்டையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். அண்மையில் ஒரு மாதிரித் தேர்வில், "எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உயிருள்ளவற்றைப் பார்க்க இயலாது: சரியா, தவறா?" என்று கேட்டிருந்தார்கள். என் மாணவி "தவறு" என்று எழுதி, காரணத்தையும் இரண்டு வரியில் சேர்த்திருந்தாள். விடைக்குறிப்பில் "சரி" என்று இருந்ததால் மதிப்பெண் போயிற்று. போனால் போகட்டும். அதன்பிறகு அவள் எந்த விடைக்கும் காரணம் எழுதுவதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளாற்று முகத்துவாரத்து நீரில் ஒரு துளி எடுத்து, சாதாரண நுண்ணோக்கியில் துடுப்புக்காலிகள் என்னும் நுண்ணுயிரினங்கள் துள்ளுவதைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். இதையே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாமா என்று கேட்டார்கள். அந்தக் கருவி ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு பார்ப்பது; காற்று எலக்ட்ரான்களைச் சிதறடித்துவிடும் என்பதால் கருவிக்குள் வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் உடலின் நீர் ஆவியாகிவிடும். ஆகவே மாதிரியை முன்கூட்டியே வேதிப்பொருளில் பதப்படுத்தி, ஆல்கஹாலில் நீரகற்றி, உலர்த்தித் தங்கம் பூசுவார்கள் என்றேன். "கருவாடு போடுகிற மாதிரியா ஐயா?" என்றான் ஒருவன். அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உயிருள்ள உண்ணிகளை அப்படியே கருவிக்குள் வைத்தார்கள். அவை கால்களை அசைத்தன. 2013இல் அந்நாட்டு ஆய்வாளர் தகாஹிகோ ஹரியாமாவின் குழு பழ ஈயின் புழுவை வைத்தது. புழுவின் மேல் படிந்திருந்த வழவழப்பை எலக்ட்ரான் கற்றையே மெல்லிய படலமாக இறுக்கிவிட, உள்ளிருந்த நீர் தங்கியது. கருவிக்குள் நெளிந்த புழு, வெளியே வந்தபின் ஈயாகவும் வளர்ந்தது! என் மாணவி எழுதியது இந்தப் புழுவைப் பற்றித்தான்.

இதனால் பழைய விதி பொய்த்துவிட்டது என்று நான் வாதாடவில்லை. அந்தப் புழுவில் தெரிந்தது வெளித்தோற்றம் மட்டுமே. செல்லின் உட்புறத்தை ஊடுருவிப் பார்க்க இன்றும் மெல்லிய சீவல்களோ உறைந்த மாதிரிகளோ வேண்டும். வலுவான கற்றை தனிச் செல்லைக் கொன்றுவிடும்.

அதனால்தான் கேட்கிறேன்: அடுத்த முறை "ஏன் கடினம்?" என்று கேளுங்கள். சரியா தவறா என்றே கேட்டாக வேண்டுமென்றால், தக்க காரணம் எழுதியவருக்கு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்,
பரங்கிப்பேட்டை, கடலூர் மாவட்டம்