ஆஸ்திரேலியா கிளம்பும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நிதானமாகப் பார்த்தேன். ஜூலையில் பதினாறு நாளில் சிட்னி, மெல்பர்ன், உலுரு, கெய்ன்ஸ், பெர்த் என்று ஐந்து ஊர் எழுதியிருக்கிறாய். வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும். அந்த நாட்டின் பரப்பு ஏறக்குறைய 77 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சிட்னியிலிருந்து பெர்த்துக்கு விமானத்திலேயே ஐந்து மணி நேரம். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, விமான நிலையத்தில் காத்திருந்து, ஒரு முழுப் பகல் போய்விடும். ஐந்து ஊர் என்றால் நான்கு பகல் அதிலேயே கரைந்துவிடும்.

பெர்த்தையும் மெல்பர்னையும் எடுத்துவிடு. ஜூலை அங்கே குளிர்காலம். மெல்பர்னில் நடுப்பகலிலேயே 14 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், பெர்த்தில் மழைக்காலம். அதே ஜூலைதான் நாட்டின் நடுவே நிற்கும் உலுரு பாறைக்கும் வடகிழக்குக் கரையில் உள்ள கெய்ன்ஸுக்கும் நல்ல மாதம். ஜனவரியில் போயிருந்தால் நடுப்பகுதியில் வெயில் 40 டிகிரியைத் தொடும், கெய்ன்ஸ் பக்கம் மழையும் கடலில் விஷ ஜெல்லி மீனும் இருக்கும். எனவே சிட்னியில் நான்கு இரவு, உலுருவில் மூன்று, கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கிலும் நடுப்பகுதி நகரமான ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும் ஒவ்வொன்று, கெய்ன்ஸில் நான்கு. போக வர ஆகும் நாளையும் சேர்த்தால் கணக்கு சரியாக வரும்.

எதை முதலில் செய்வது என்பதில் கவனம் வேண்டும். விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத எதையும் வாங்காதே. உங்களுக்கு வேண்டியது 600 என்ற எண்ணுள்ள பார்வையாளர் விசா. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். திரும்பி வருவீர்கள் என்பதற்குச் சான்றாக இருவருடைய அலுவலக விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், நாள்வாரித் திட்டம் மூன்றையும் இணைத்துவிடு. பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்ட மாட்டார்கள், மின்னஞ்சல்தான் வரும். அதை அச்செடுத்து வைத்துக்கொள். அடுத்து உலுருவில் தங்கும் அறை. பயணிகள் தங்கப் பக்கத்தில் யுலாரா என்ற ஒரே ஊர்தான் உண்டு, ஜூலையில் அங்கே பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேரும். அறை கிடைத்த தேதியை வைத்துத்தான் உள்நாட்டு விமானம் போட வேண்டும். ஆலிஸிலிருந்து கெய்ன்ஸுக்கு எல்லா நாளும் நேரடி விமானம் இருக்காது, அதையும் சேர்த்துப் பார். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகவோ கோலாலம்பூர் வழியாகவோ போனால் முழுவதையும் ஒரே டிக்கெட்டாக எடு. தனித்தனியாக எடுத்தால் நடுவில் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பார்கள்.

சாமான் விஷயத்தில் மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு. பால்கோவா, குலாப்ஜாமூன் மாதிரிப் பால் சேர்த்த இனிப்பு வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், முளைக்கக்கூடிய விதை எதுவும் கூடாது. கால்நடை நோயும் பயிர்ப்பூச்சியும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் மிகக் கண்டிப்பு. மற்றபடி பொடி, ஊறுகாய் என்று எது கொண்டுபோனாலும் வருகைப் படிவத்தில் "உணவு உண்டு" என்று குறித்துவிடுங்கள். சொன்ன பொருள் ஆகாதென்றால் பறித்துக்கொள்வார்கள், அபராதம் கிடையாது. சொல்லாமல் அகப்பட்டால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம், விசாவே ரத்தாகலாம். நடைக் காலணியின் அடியில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிடு, அதையும் பார்ப்பார்கள். மருந்து அதன் அட்டைப்பெட்டியோடும் மருத்துவர் சீட்டோடும் இருக்கட்டும்.

இனி கார். இதைத்தான் இரண்டு முறை படிக்க வேண்டும்.

யுலாராவிலிருந்து கிங்ஸ் கேன்யன் சுமார் 300 கிலோமீட்டர், அங்கிருந்து தார்ச்சாலை வழியாக ஆலிஸ் ஏறக்குறைய 470. குறுக்கே மெரீனி என்ற மண்பாதை ஒன்று காட்டும். அதற்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும், சாதாரண வாடகைக் காருக்கு அதில் காப்பீடும் செல்லாது. தொடாதே. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கி, இங்குள்ள உரிமத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். முன்பணத்தைப் பிடித்துவைக்க ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வரை கட்டணத்தில் அடக்கம்? எடுத்த ஊரில் விடாமல் வேறு ஊரில் விட்டால் எவ்வளவு? இருட்டிய பிறகு ஓட்டினால் காப்பீடு உண்டா?

மூன்றாவது கேள்வி முக்கியம். கங்காரு அதிகாலையிலும் அந்தியிலும்தான் அதிகம் சாலைக்கு வரும். ஊருக்கு வெளியே இரவில் விலங்கு மோதினால் பல ஒப்பந்தங்களில் முழுச் செலவும் உங்கள் தலையில். ஜூலையில் அங்கே ஏழரை மணியை ஒட்டித்தான் விடியும், மாலை ஆறுக்கு இருட்டத் தொடங்கும். எட்டுக்குக் கிளம்பி ஐந்துக்குள் சேர்ந்துவிடுங்கள். விலங்கு குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிரேக் போட வேண்டும், ஒடிப்பவர்களின் வண்டிதான் கவிழ்கிறது. உலுருவில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு யுலாரா திரும்புவது 20 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கும் ஒப்பந்தம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்று பேருந்தில் போய் வாருங்கள்.

ரோடு டிரெயின் என்று மூன்று நான்கு பெட்டி கோத்த லாரி வரும், நீளம் 53 மீட்டர் வரைக்கும் இருக்கும். முந்துவதற்கு எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் காலியாகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் பின்னாலேயே போங்கள், தப்பில்லை. பெட்ரோல் பங்க் கண்ணில் படும்போதெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள், யுலாராவுக்கும் எர்ல்டண்டா சந்திப்புக்கும் நடுவே 245 கிலோமீட்டர். குடிநீர் ஆளுக்குப் பத்து லிட்டர் வண்டியில் கிடக்கட்டும். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கவே கூடாது. காரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது, தனி ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். நகரத்தைத் தாண்டினால் டெல்ஸ்ட்ரா சிம்முக்குத்தான் ஓரளவு சிக்னல் வரும், பெரும்பாலான வழியில் அதுவும் வராது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள். அவசர எண் 000.

உலுரு மீது ஏறுவதை 2019 அக்டோபர் 26 முதல் நிறுத்திவிட்டார்கள். அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களின் புனித இடம். சுற்றி வரும் பாதை 10.6 கிலோமீட்டர், காலையில் தொடங்கினால் மூன்றரை மணி நேரம். சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும், அங்கே கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடு. இரவில் பூஜ்ஜியம் வரை குளிரும், குல்லாவும் கனமான ஸ்வெட்டரும் வேண்டும்.

கெய்ன்ஸில் பவளப்பாறைப் படகை இறங்கிய மறுநாளே வைத்துக்கொள். ஜூலையில் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். படகை ரத்து செய்தாலும் அடுத்த நாள் கையில் இருக்கும். வாந்தி மாத்திரையைப் படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். காற்று உருளையோடு மூழ்கினால் அதன் பிறகு ஒரு நாள் விமானம் ஏறக் கூடாது. ஆற்றங்கரை, சதுப்பு ஓரங்களில் முதலை உண்டு, கால் நனைக்கக்கூட இறங்காதீர்கள்.

மருத்துவக் காப்பீட்டில் விமான ஆம்புலன்ஸ் செலவு அடக்கமா என்று பார்த்து வாங்கு. நம்ம ஊர் பிளக் அங்கே பொருந்தாது, சாய்ந்த தட்டைக் கம்பி உள்ள அடாப்டர் இரண்டு எடுத்துக்கொள். சிட்னியும் கெய்ன்ஸும் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால், உலுரு நாலு மணி நேரம். போன் செய்யும்போது கணக்கு வைத்துக்கொள்.

யுலாராவில் எந்தத் தேதிக்கு அறை கிடைக்கிறது என்று பார்த்து எழுது. மற்றதை அதற்குப் பிறகு கோத்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா