தொல்லுலக சாகச நாவல்களை எழுதுவோருக்கும் பதிப்பிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழில் இளையோருக்கான சாகச நாவல்களை எழுதியும் பதிப்பித்தும் வரும் மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

தொல்லுலகில் சிக்கிக்கொண்ட ஒருவர் எப்படி உயிர் பிழைக்கிறார் என்னும் கதைக்கு இளம் வாசகர்களிடம் என்றும் வரவேற்பு உண்டு. அத்தகைய நாவல்களை நீங்கள் இன்னும் நிறைய வெளியிட வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அந்த உலகம் மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதாவாக நின்றுவிடாமல், பாத்திரங்கள் எதை உண்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள், எந்தத் திசையில் நடக்கிறார்கள் என்பதையெல்லாம் தீர்மானிப்பதாக அமைய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

டைனோசர்கள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தன என்பதும், நம் மனித இனத்தின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகளே என்பதும் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். காலப்பயணம் என்ற ஏற்பாட்டைச் சொல்லி அந்த இடைவெளியை எழுத்தாளர் கடந்துவிடலாம். எளிதில் கண்ணில் படாத பிழை உணவில்தான் நேர்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்துக்குப் போன நாயகன் மாம்பழம் போன்ற ஒரு கனியைப் பறித்துத் தின்றுவிட்டுப் புல்தரையில் படுத்து உறங்க முடியாது. பூக்கும் தாவரங்கள் அதற்குப் பின்வந்த கிரெட்டேசியஸ் காலத்தில்தான் பரவின. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த டைனோசர் சாணப் புதைபடிவங்களில் புல்லின் தடயங்கள் இருந்தது 2005இல் வெளியானபோது, அந்தக் காலத்தின் இறுதியிலாவது புல் இருந்ததே என்று அறிவியலாளர்கள் வியந்தார்கள். ஆகவே அந்த நாயகனுக்கு வாய்ப்பது பெரணிகளும் ஊசியிலை மரங்களும் பனை போலத் தோன்றும் சைக்கஸ் வகை மரங்களும்தான். இன்றைய சைக்கஸ் விதைகள் நஞ்சுடையவை. பலமுறை நீரில் ஊறவைத்து நஞ்சைப் போக்கிய பிறகே அவற்றை உண்ண முடியும். பசியால் கண் இருண்டு கிடப்பவன் அத்தனை நாள் பொறுத்திருப்பானா என்ற கேள்வியில், எந்தக் கொடுவிலங்கின் துரத்தலுக்கும் குறையாத பதற்றம் இருக்கிறது.

ரஷ்ய நிலவியலாளர் விளாதிமிர் ஒப்ருச்சேவ், தம் காலத்துச் சாகச நாவல்களின் நிலவியல் பிழைகளைப் பொறுக்கமாட்டாமல் 1915இல் 'புளுட்டோனியா'வை எழுதினார்; 1924இல் அது நூலாக வந்தது. அதன் பயணிகள் பூமிக்கு உள்ளே முன்னேற முன்னேற, பனியுகத்து மாமத யானைகளின் காலத்திலிருந்து படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று டைனோசர்களின் காலத்தை அடைகிறார்கள். மண்ணடுக்குகளின் வரிசையே கதையின் வரிசையாகிறது. பூமியின் உட்கூடு பற்றிய அவருடைய கற்பனை நடக்க இயலாதது என்றாலும், அந்த ஒழுங்கு இன்றும் நம்மை ஈர்க்கிறது.

இதற்காகத் தொலைதூர நிலங்களைத் தேடவும் வேண்டியதில்லை. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது அதன் சாம்பல் இந்தியத் துணைக்கண்டத்தின் மீது படிந்தது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்குக்குக் கீழேயும் மேலேயும், பெரிதும் ஒத்த தன்மையுடைய கல்கருவிகள் கிடைத்துள்ளன. அங்கு வாழ்ந்தோர் பேரழிவைத் தாண்டிப் பிழைத்தார்கள் என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர்கள் நம் இனத்தவரா, வேறு மனித இனத்தவரா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஓடைகள் சேறாகி, மேய்ச்சல் விலங்குகள் எங்கோ அகன்றுவிட்ட அந்த நாள்களில், கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் எந்த நீரூற்றை நோக்கி நடப்பது என்று ஒரு சிறு கூட்டம் தடுமாறியிருக்கும் அல்லவா? இதைவிடப் பெரிய பிழைத்தல் கதை எது! நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகளோ சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் தெரியவந்துள்ள, மனிதர் நெருப்பைப் பயன்படுத்தியதன் தடயமோ சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது. ஆகவே அத்திரம்பாக்கத்து மாந்தரைப் பற்றி எழுதுபவர், அவர்கள் இரவைத் தீயில்லாமலே எப்படிக் கடந்திருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எழுத்தாளரின் கற்பனையைக் கட்டிப்போட நான் சொல்லவில்லை. கைப்பிரதியை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு தொல்லியலாளரோ நிலவியலாளரோ படித்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அவர்களுக்கு உரிய மதிப்பூதியமும் கொடுங்கள். நூலின் இறுதியில், கதையில் எவை சான்றுள்ளவை, எவை புனைந்தவை என்று ஆசிரியரே சொல்லும் இரண்டு பக்கங்களைச் சேருங்கள். அட்டை ஓவியருக்கும் அந்தக் குறிப்புகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டால், குகை மனிதனின் தோளுக்குப் பின்னால் டைனோசர் எட்டிப் பார்க்கும் அட்டைகள் இனி வராது.

அன்புடன்,
உங்கள் நூல்களை விடாமல் வாங்கிப் படிக்கும் ஒரு வாசகர்