மீனாவுக்கு, இழைப்புளி விஷயமாக

அன்பு மகள் மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

டொராண்டோவில் யாரோ வீட்டு வாசலில் விற்றதை 15 டாலருக்கு வாங்கினேன் என்று படம் அனுப்பினாயே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஸ்டான்லி கம்பெனி செய்த, மரம் சீவுகிற 4ஆம் நம்பர் இழைப்புளி. முன்பக்கம் வார்த்திருக்கிற 'பெய்லி' என்ற பெயர் இதைக் கண்டுபிடித்தவருடையது. அவருடைய கம்பெனியை 1869இல் ஸ்டான்லி வாங்கிவிட்டது. அலகுக்குப் பின்னால் பொறித்திருக்கும் மூன்று காப்புரிமைத் தேதிகளில் கடைசி 1910. அதற்குப் பிந்திய உருப்படிதான். இதெல்லாம் உன் அண்ணன் செல்லில் தேடி வாசித்துச் சொன்னது. அவனைப் பட்டறையில் உட்காரவைத்து உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன், பேங்குக்குப் போய்விட்டான். உன்னைப் பட்டறைப் பக்கமே விடவில்லை. நீ வீட்டுக்குக் கீழே பட்டறை போட்டிருக்கிறாய்.

முதலில் பிரித்துப் போடு. இறுகிய திருகுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வை. உடம்பு வார்ப்பிரும்பு, சுத்தியலால் தட்டினால் விண்டுவிடும். அலகையும் சின்ன இரும்புகளையும் வெள்ளை வினிகரில் ஊறப்போடு. ராத்திரி போட்டுக் காலையில் எடு. மறந்து நாலு நாள் விட்டால் துருவோடு இரும்பையும் தின்னும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவு. துடைக்கத் தாமதித்தால் கண் முன்னாலேயே மறுபடி துரு பூக்கும். பிடி ரோஸ்வுட், நம்ம தோதகத்திக்குச் சொந்தக்காரன். வார்னிஷைப் பூசி அதைக் கெடுக்காதே.

அடிப்பாகத்தைக் கண்ணாடிபோல ஆக்கவேண்டியதில்லை. கனமான கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி, அடியில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேய். அலகை மாட்டி, முடுக்கி, வாய்க்குள்ளே, அதாவது அடியில் அலகு எட்டிப்பார்க்கிற ஓட்டைக்குள்ளே, இழுத்துவைத்துக்கொண்டுதான் தேய்க்கணும். முடுக்கும்போது உடம்பு துளி வளையும். முனையிலும் வாயை ஒட்டியும் கடைசியிலும் கோடு அழிந்தால் போதும்.

அலகு விஷயத்தில்தான் உன் அவசரம் எனக்குப் பயம். எலக்ட்ரிக் சாணைக்குப் போகாதே. எனக்குப் பத்தொன்பது வயதில் நம்ம தெருவில் முதல் மோட்டார் சாணை வந்தது. தாத்தாவின் ஒன்றரை அங்குல உளியை எடுத்துப்போய், பொறி பறக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நிறுத்திப் பார்த்தால் விளிம்பு மயில் கழுத்து மாதிரி நீலம். நீலம் ஏறினால் பதம் போச்சு, கட்டையில் வைத்ததும் மடங்கும். தாத்தா திட்டவில்லை. நீலம் முழுசும் போகிறவரை கல்லில் கையாலேயே தேய்த்தார், மூன்று சாயங்காலம். அந்த மூன்று நாளும் என்னோடு பேசவில்லை.

கல்லில் முதலில் அலகின் முதுகைச் சமமாக்கு. பிறகு சாய்வை 25லிருந்து 30 டிகிரிக்குள் பிடி. மறுபக்கம் கட்டைவிரலை முனைக்கு வெளியே இழுத்துப் பார்த்தால் மெல்லிய பிசிறு நெருடும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நெருடணும், நடுவில் மட்டும் என்றால் இன்னும் தீட்டு. அலகின் மேல் திருகி வைக்கிற மேல்தகட்டை அலகோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடி. நூல் அளவு வெளிச்சம் தெரிந்தாலும் சீவல் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். இழைப்புளி மேல் பழிபோட்டுக் குப்பையில் எறிகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சந்துதான் வியாதி.

அம்மா, நார்த்தங்காய் பார்சல் உடையாமல் வந்ததா என்று கேட்கச் சொன்னாள்.

முதலில் வருகிற முழு நீளச் சீவலைக் கவரில் போட்டு அனுப்பு. உன் கடிதத்தின் மேல் வைத்துப் பார்ப்பேன், எழுத்து தெரிகிறதா என்று.

அப்பா