சுக்காங்கல்லில் கறிவேப்பிலை

அன்புள்ள அம்மிணிக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். முப்பது வருடம் தபாலாபீசில் ஊரார் கடிதத்துக்கு முத்திரை குத்தியவள், தன் மகளுக்கு ஒன்று எழுதக்கூடாதா?

"அந்தக் காங்கேயத்துக் கல்லுக்காட்டில் என்னம்மா முளைக்கும்?" என்று கேட்டாய். முதல் வருடம் எனக்கும் அதே எண்ணம்தான். கொல்லையில் கடப்பாரையைப் போட்டால் ஒரு சாணுக்குக் கீழே ணங்கென்று சுக்காங்கல் பாறை. உங்கப்பா ஒரு லோடு செம்மண் கொட்டி அரையடி உயரத்துக்குப் பரப்பினார். தக்காளி, கத்தரி, கறிவேப்பிலை எல்லாம் வைத்தேன். ஆடிக் காற்று பாதி மண்ணை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனது. மழை வந்தபோது மீதி மண்ணில் தண்ணீர் இறங்க வழியில்லாமல், அடியில் பாறைமேல் தேங்கி வேரை அழுகவைத்தது. காசு போனதைப் பற்றி அவரிடம் கேட்டுவிடாதே, இன்னும் கோபம் ஆறவில்லை.

தப்பித்தது கறிவேப்பிலை மட்டும். அதுவும் எப்படி? கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தண்ணீர் போதவில்லை என்று ஊற்றினேன், யூரியா போட்டேன். இன்னும் வெளுத்தது. உரக்கடைக்கு வந்திருந்த ஒரு பெரியவர் இலையைப் பார்த்துவிட்டு, "மண்ணுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாரும்மா" என்றார். பிழிந்தேன். சோடா மாதிரி நுரைத்தது! அத்தனையும் சுண்ணாம்பு. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டுவிடும், வேருக்குக் கிடைக்காது. நம் போர்வெல் தண்ணீரும் உப்பு, அதில் வேறு சுண்ணாம்பு. நான் ஊற்ற ஊற்ற நோயைத்தான் வளர்த்திருக்கிறேன்.

லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு, கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளித்தேன். மஞ்சளான பழைய இலை அப்படியேதான் இருந்தது. இரும்பு இலைவிட்டு இலை போகாதாம். ஆனால் புதுக் கொழுந்து நல்ல பச்சையாக வந்தது. இப்போது அதற்கு மழைத் தண்ணீர் பிடித்துவைத்து ஊற்றுகிறேன். உன்னைக்கூட அப்படி வளர்க்கவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. ஏழு இடத்தில் ஒரு அடிக் குழி எடுத்து, சாயங்காலம் நிறையத் தண்ணீர் ஊற்றி, விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நான்கில் தண்ணீர் அப்படியே நின்றது. மூன்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. அங்கே பாறையில் வெடிப்பு இருக்கிறது, வேர் அந்த வழியாக இறங்கிக்கொள்ளும். அந்த மூன்றில்தான் மரம் என்று முடிவு செய்தேன். குழியை அகலமாக்கி, அடியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலாக அடுக்கி, எருவும் மண்ணும் போட்டு நெல்லி, சீத்தா, முருங்கைப் போத்து வைத்தேன். நெல்லிக்குச் சுண்ணாம்பு மண் பெரிய குறையில்லை.

தோண்டி எடுத்த கல்லை வெளியே கொட்டவில்லை. சரிவுக்குக் குறுக்கே வரப்பாக அடுக்கியிருக்கிறேன், ஓடும் மண் அங்கே தங்குகிறது. பொடிக்கல்லைச் செடியின் தூரைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காய்வதில்லை. போன புரட்டாசியில் மிச்ச இடம் முழுக்கக் கொள்ளு விதைத்து, பூ எடுத்ததும் கொத்தி மண்ணோடு மடக்கிவிட்டோம். உங்கப்பாவுக்கு மனசே இல்லை, ரசத்துக்கு ஆகுமே என்று. இந்த வருடம் அதே இடத்தில் மண்வெட்டி கொஞ்சம் இறங்குகிறது. கொஞ்சம்தான்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததுபோல எழுதுகிறேன். உன் அப்பத்தா காட்டைச் சுற்றி இருந்த கிளுவை வேலியும், அதில் ஏறிய பிரண்டையும், உள்ளே நின்ற வெள்வேல மரமும் இதே கல்லில்தான் வளர்ந்தன. அன்றைக்கே பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பிரண்டை மட்டும் இப்போது நம் வேலியிலும் ஏற்றிவிட்டேன்; துவையல் அரைத்து வைக்கிறேன். தக்காளி இன்னும் கடையில்தான்.

ஐப்பசி மழைக்குள் இன்னும் மூன்று குழி எடுத்தாக வேண்டும். தீபாவளிக்கு எப்படியும் வருவாய், ஒரு வாரம் முன்னாலேயே வா. மாப்பிள்ளையையும் கூட்டி வா. கடப்பாரை இரண்டு இருக்கிறது.

அம்மா