ராஜபாளையம் நாய்க்குட்டிகளின் காது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். முன்பணம் கொடுத்துவிட்டுக் குட்டிக்காகக் காத்திருக்கும் பலர், "இந்தத் தடவை ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்கிறீர்கள். காதுப் பரிசோதனைதான் காரணம்.

ராஜபாளையம் என்றாலே எல்லோரும் விரும்பிக் கேட்பது பால்வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும்தான். அந்த வெள்ளையோடு சேர்ந்து வரக்கூடிய குறை, பிறவிச் செவிடு. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே இல்லாமல் போனால் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் பிழைக்காது. பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் அந்தக் காது அடங்கிவிடும். அதற்கு மருந்து கிடையாது. வெள்ளை உடம்பில் புள்ளிகள் உள்ள டால்மேஷியன் நாய்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் நூற்றுக்கு 30 அளவுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை.

இதுவரை நாங்கள் குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தோம். போன வருடம் எங்களிடம் வாங்கிய ஒருவர், "கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்பித் தேடுகிறது. ஒரு பக்கமாகப் படுத்துவிட்டால் கேட் திறக்கும் சத்தத்துக்குக்கூட எழுவதில்லை" என்றார். நாங்கள் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிக் கொடுத்த குட்டி அது. ஒரு காது மட்டும் செவிடு. கைதட்டினால் நல்ல காது கேட்டுவிடும். முழுச் செவிடான குட்டிகூட தரையின் அதிர்வை உணர்ந்தோ, கூடப் பிறந்தவை ஓடுவதைப் பார்த்தோ திரும்பிவிடும். இது எங்களுக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

பி.ஏ.இ.ஆர். என்ற பரிசோதனைதான் இதற்குச் சரியான வழி. தலைத்தோலில் மெல்லிய ஊசிமுனைகளை வைத்து, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக 'டிக் டிக்' ஒலி கொடுத்து, மூளை வரை அது போய்ச் சேர்கிறதா என்று கருவியில் பார்ப்பார்கள். ஐந்து வாரம் நிறைந்த பிறகு செய்யலாம். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. குட்டிகளை வண்டியில் கூட்டிப்போய் வர வேண்டியிருக்கிறது, அந்தச் செலவும் விலையில் கொஞ்சம் சேரும்.

இரண்டு காதும் கேட்கிறது என்று சோதனையில் தெரிந்த பெட்டையையும் கடுவனையும் மட்டுமே இனி இணை சேர்ப்போம். ஒரு ஈற்றில் செவிட்டுக் குட்டி பிறந்தால் அந்த ஜோடியை மறுபடி சேர்க்க மாட்டோம். அப்படியும் நல்ல காதுள்ள ஜோடிக்குச் செவிட்டுக் குட்டி பிறப்பதுண்டு. ஒரே மரபணுவைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய நோய் இல்லை இது. அதனால் குட்டிகளையும் ஒன்று விடாமல் சோதிக்கிறோம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே சொல்கின்றன, ஆகவே சோதனைக்கு நேரம் இருக்கிறது.

ஒரு காது கேட்கும் குட்டி வீட்டுக்கு அருமையான துணை. விவரத்தைச் சொல்லி, கருத்தடை செய்துகொள்ளச் சம்மதிப்பவர்களுக்கு மட்டும் கொடுப்போம். முழுச் செவிடானவற்றை விற்பதில்லை. கைச்சாடையில் பழக்கவும், வெளியே போகும்போது சங்கிலியை விடாமல் பிடிக்கவும் பொறுமை உள்ளவர்கள் வந்தால் இலவசமாகத் தருகிறோம்.

அப்புறம், ஏற்கெனவே எங்களிடம் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நாய் ஒலி வரும் திசையைத் தப்பாகத் தேடினால் தயங்காமல் சொல்லுங்கள். எந்த ஜோடியின் குட்டி என்று எங்கள் பதிவேட்டில் பார்த்துவிடுவோம். அதை இணை சேர்க்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் எங்களிடம் கூட்டிவாருங்கள். காதுப் பரிசோதனைச் செலவை நாங்களே ஏற்கிறோம்.

அன்புடன்,
பண்ணைக் குடும்பத்தினர்