2024-25 ஆண்டறிக்கை: படகுத்துறைக்குப் பலகை மாத்துன கதை

சங்கத்து அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். கமிட்டி 9 தடவ கூடுச்சு, சந்தா பாக்கி வழக்கம்போல இருக்கு, கணக்க பொருளாளர் படிப்பாரு. நான் சொல்ல வேண்டியது நம்ம படகுத்துறை விஷயம் ஒண்ணுதான். (ஜெட்டின்னு எழுதுனா குரூப்ல பசங்க சிரிக்கிறானுங்க, அதனால துறைன்னே வெச்சுக்கறேன்.)

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பலகை பாதி போயிடுச்சு. காத்து பிச்சுதுன்னு நெனச்சோம், ஆனா சந்தே விடாம நெருக்கி அடிச்சிருந்ததால கீழருந்து எழும்புன தண்ணிக்கு வழியில்லாம பலகையவே தூக்கிடுச்சு. மிச்சத்த கழட்டிப் பார்த்தா மரம் நடுவுல நல்லாத்தான் இருக்கு, ஆணி அடிச்ச எடம் மட்டும் துரு ஊறி கருத்துப்போய் விரலால குத்துனா மாவா கொட்டுது.

கான்கிரீட் போடுங்கன்னு சில பேரு. முகத்துவாரம் அடைஞ்சா கோடையில பழவேற்காடு ஏரித் தண்ணி கடல விட உப்பு ஏறிடும், உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதி காரைய பொளந்துரும், நம்ம கால்மரமும் அந்த பாரம் தாங்காது. விட்டுட்டோம்.

அப்புறம் தேக்கு, ஆஞ்சிலி, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை, ஃபைபர் கிரேட்டிங் (ஓட்ட ஓட்டயா இருக்கற ஃபைபர் தட்டு)னு நாலு துண்டு வாங்கி கத்திரி வெயில் முழுக்க துறையிலயே போட்டு வெச்சோம். கலப்புப் பலகைக்கு மெயின்டெனன்ஸே வேணாம்னு வித்தவரு சொன்னது நெஜமாவே இருக்கலாம், ஆனா மதியம் ஒரு மணிக்கு மீன்காரக்கா வெறுங்கால வெச்சதும் "அய்யோ"ன்னு குதிச்சு தண்ணிப்பக்கம் ஓடுனாங்க, அதோட அது அவுட். கிரேட்டிங் அவ்ளோ சுடல, மேல மணல் ஒட்டிருக்கறதால வழுக்கல, அலை வந்தா ஓட்ட வழியா மேல வந்துட்டுப் போயிரும். ஆனா கூடைய கவுத்தா எறா பாதி தண்ணிக்கே திரும்பிடுது, ஒருத்தரு செல்போனும் போச்சு (அதுக்கு சங்கம் பொறுப்பில்ல).

அதனால படகு கட்டுற முனைக்கு கிரேட்டிங், மீன் பிரிக்கிற நடுப்பகுதிக்கு ஆஞ்சிலி, பலகைக்கு நடுவுல சுண்டுவிரல் பாதி நுழையிற சந்துன்னு முடிவாச்சு. தேக்கு நல்லதுதான், நம்ம பைக்கு இல்ல. ஆணிக்கு பதிலா எஸ்எஸ் 316 போல்ட் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஒரு ரகம்), கடைக்காரரு 304ங்கற ரகத்த எடுத்து வெச்சு "ரெண்டும் ஒண்ணுதான்"னாரு, கண்ணால பாத்தாலும் காந்தம் வெச்சாலும் வித்தியாசம் தெரியாது, ஆனா உப்புத்தண்ணிக்கு 316தான், அதனால பில்லுலயே 316னு எழுதி வாங்குனோம்.

ஒரு வேலை பாக்கி. கிரேட்டிங் அறுத்த ஓரத்துக்கு இன்னும் ரெசின் பூசல, அங்க உக்காந்த ரெண்டு பேருக்கு ஃபைபர் தூசி ஊசி ஊசியா ஏறி ராத்திரி முழுக்க அரிப்பு. ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுற தம்பி ஞாயித்துக்கிழமை வரேன்னிருக்கான், அதுவரைக்கும் அந்த முனையில யாரும் உக்காராதீங்க.